கல்கி விட்டுச் சென்ற புதிர்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பாச்சலூர் மலை வெளியுலகை மறந்துவிடும். காப்பித் தோட்டங்களின்மேல் மூடுபனி இறங்கும். பிற்பகல் மூன்று மணிக்கே பொழுது சாய்ந்தாற்போல இருக்கும். ஒட்டன்சத்திரத்திலிருந்து வளைந்து வளைந்து ஏறிவரும் பஸ் இன்று வருமா, வராதா என்பது எவருக்கும் தெரியாது. மின்விளக்கும் நம்மைக் கைவிட்டுவிடும். அத்தகைய நாட்களில் விடுதி மாணவியராகிய எங்களுக்குத் துணையாக வந்தவர் ஒருவர் உண்டு. அவர் இவ்வுலகை விட்டு மறைந்து எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் அவர் கதை சொல்லத் தொடங்கினால் மழையும் குளிரும் மறந்துபோகும். அவர்தாம் அமரர் கல்கி.

சென்ற ஐப்பசியில் அவருடைய 'பொன்னியின் செல்வன்' நாவலை நாங்கள் பதினொருவர் சேர்ந்து வாசித்தோம். ஒருத்தி உரக்க வாசிப்பாள். மற்றவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கேட்போம். ஐந்தாம் பாகத்தின் நடுவே எங்களிடையே பெரும் வழக்கு ஒன்று எழுந்தது. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? நான்கு பேர் ஒரு கட்சி. மூவர் மற்றொரு கட்சி. மீதிப் பேர் நாளுக்கொரு கட்சி. உணவுக் கூடத்தில் தொடங்கும் விவாதம் விளக்கணைத்த பின்னும் ஓயாது.

இவ்வழக்கு எங்களுடையது மட்டும் அன்று. 1954-ஆம் ஆண்டு முதல் தமிழ் வாசகர்கள் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் வழக்கு இது. நம் பாட்டிமார் திண்ணையில் உட்கார்ந்து வாதாடினார்கள். நம் அன்னையர் கல்லூரி விடுதிகளில் வாதாடினார்கள். இப்போது நம் முறை வந்திருக்கிறது. வழக்கைத் தொடங்கி வைத்தவரின் வாழ்க்கையை முதலில் அறிந்துகொள்வோம்.

பிறப்பும் இளமையும்

அன்றைய தஞ்சை மாவட்டத்தில், மாயவரத்துக்கு அருகே உள்ள புத்தமங்கலம் என்ற சிற்றூரில் 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் கிருஷ்ணமூர்த்தி பிறந்தார். தந்தை இராமசாமி ஐயர் கிராமக் கணக்கர். காவிரியின் வாய்க்கால்கள் ஓடும் ஊர் அது. ஆற்றில் புது வெள்ளம் வரும் ஆடி மாதத்தின் குதூகலத்தைச் சிறுவயதிலேயே கண்டு வளர்ந்தவர் அவர். பிற்காலத்தில் தம் பெருநாவலை ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று தொடங்கியதும், அதன் முதற்பாகத்துக்குப் 'புது வெள்ளம்' என்று பெயரிட்டதும் தற்செயலாக நேர்ந்தவை என்று நமக்குத் தோன்றவில்லை.

உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வுக்குச் சில மாதங்களே இருந்தன. அப்போது, 1921-இல், காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்க அழைப்பு நாடெங்கும் ஒலித்தது. கிருஷ்ணமூர்த்தி பள்ளியை விட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டில் ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். தமிழில் பல்லாயிரம் பக்கங்கள் எழுதிய மனிதர் பள்ளி இறுதிச் சான்றிதழ் பெறாதவர் என்பதை அறியும்போது வியப்பாக இருக்கிறது. ஆனால் தோழியரே, தேர்வை விட்டுவிடலாம் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்! அவர் படிப்பை விடவில்லை. பள்ளியை மட்டுமே விட்டார். சிறைக்குள்ளும் வெளியிலும் அவர் படித்துக்கொண்டே இருந்தார்.

எழுத்துப் பணி

1923-இல் திரு. வி. கலியாணசுந்தரனார் நடத்திய 'நவசக்தி' பத்திரிகையில் துணை ஆசிரியராகச் சேர்ந்தார். தமிழ்த் தென்றல் எனப் போற்றப்பட்ட திரு.வி.க.வின் அருகிலிருந்து பத்திரிகைத் தொழிலைக் கற்றார். 'சாரதையின் தந்திரம்' என்ற அவரது முதல் சிறுகதைத் தொகுதி 1927-இல் வெளிவந்தது. பின்னர் திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்தில் இராஜாஜியுடன் தங்கி, மதுவிலக்குப் பிரசாரத்துக்காக நடத்தப்பட்ட 'விமோசனம்' இதழுக்குத் துணை நின்றார். 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகக் காலத்தில் மீண்டும் சிறை.

எஸ். எஸ். வாசன் நடத்திய 'ஆனந்த விகட'னில் 1931-இல் அவர் சேர்ந்தபின் தமிழ்நாட்டில் புதியதொரு வாசகர் கூட்டம் உருவாயிற்று. அதுவரை கதைப் புத்தகத்தைத் தொட்டறியாத இல்லத்தரசிகள் வார இதழுக்காகக் காத்திருக்கத் தொடங்கினர். இசை, நாட்டியம் பற்றி அவர் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் எழுதிய விமரிசனங்களை வித்துவான்களே அஞ்சிப் படித்தனர். 'கள்வனின் காதலி', 'தியாக பூமி' ஆகிய தொடர்கதைகள் அவர் புகழை உயர்த்தின. 'தியாக பூமி' 1939-இல் திரைப்படமாகவும் வந்து, பின்னர் ஆங்கில அரசின் தடைக்கும் ஆளாயிற்று.

'கல்கி' என்ற பெயர் எப்படி வந்தது? இதுவே முதல் புதிர் எனலாம். புதுயுகத்தைக் கொண்டுவரும் அவதாரத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டார் என்பர் சிலர். கலியாணசுந்தரனாரின் முதலெழுத்துகளோடு கிருஷ்ணமூர்த்தியின் முதலெழுத்தைச் சேர்த்துக் குருவுக்குச் செய்த வணக்கம் என்பர் வேறு சிலர். பெயரிலேயே வாசகர்களை ஊகிக்க வைத்தவர் அவர்!

தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு மூன்றாம் முறையாகச் சிறை சென்று மீண்ட பின், நண்பர் சதாசிவத்துடன் சேர்ந்து 1941 ஆகஸ்டில் 'கல்கி' வார இதழைத் தொடங்கினார். சதாசிவத்தின் துணைவியார் எம். எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்து ஈட்டிய பணமே இவ்விதழுக்கு முதலாயிற்று. ஒரு பெண்ணின் உழைப்பில் பிறந்த இதழிலேதான் நாம் இன்று போற்றும் சரித்திர நாவல்கள் யாவும் முளைத்தன. 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்' ஆகியவை பல்லவர் காலத்தை மீட்டுத் தந்தன. விடுதலைப் போராட்டத்தையும் நாட்டுப் பிரிவினையின் துயரத்தையும் சித்திரித்த 'அலை ஓசை'க்கு, அவர் மறைவுக்குப் பின், 1956-இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. இவற்றோடு, எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்பும் பணியிலும் அவர் முன்னின்றார். 1947-இல் அம்மண்டபம் திறக்கப்பட்டது.

மூன்றரை ஆண்டுகள் ஓடிய கதை

1950 அக்டோபரில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியது. 1954 மே மாதம் வரை, மூன்றரை ஆண்டுகள், வாரந்தோறும் வந்தது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம் என ஐந்து பாகங்கள். ஓவியர் மணியம் வரைந்த படங்களில் வந்தியத்தேவனும் குந்தவையும் நந்தினியும் பூங்குழலியும் உயிர்பெற்றனர். ஈழத்தில் நடக்கும் காட்சிகளுக்காக ஆசிரியரும் ஓவியரும் இலங்கைக்கே சென்று இடங்களைப் பார்த்து வந்தனர். இதழ் வாரத்துக்கு எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றது. ஒரு பிரதியை ஒரு தெருவே படித்த காலம் அது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

வாரந்தோறும் வரும் கதைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஓர் இதழுக்கும் அடுத்த இதழுக்கும் இடையே ஏழு நாட்கள். அந்த ஏழு நாட்களும் கதை வாசகருடைய சொத்து. அடுத்து என்ன நேரும் என்று ஊகிப்பதற்காகவே ஆசிரியர் விட்டுவைத்த அவகாசம் அது. கடிதங்கள் குவிந்தன. வாசகர்கள் தங்களுக்குத் தோன்றிய முடிச்சுகளை அவிழ்த்துக் காட்டினர். இன்று ஐந்து பாகங்களையும் ஒருசேர வாங்கிவைத்துப் படிக்கும் நமக்கு அந்த இன்பம் குறைவே. மழையால் மின்சாரம் போகும் பாச்சலூர் விடுதியில்தான் அது ஓரளவு கிடைக்கிறது!

கடம்பூர் மாளிகையின் இரவு

சம்புவரையரின் கடம்பூர் மாளிகை. நந்தினியின் அறை. அங்கே ஆதித்த கரிகாலன் வருகிறான். வீரபாண்டியனைக் கொன்ற வீரன் அவன். அதற்காக நந்தினியின் பகையைச் சம்பாதித்தவன். மறைவிடத்தில் அவனுடைய நண்பன் வந்தியத்தேவன் இருக்கிறான். மணிமேகலையும் அருகில் இருக்கிறாள். பாண்டியனுக்காகப் பழிதீர்க்கச் சபதமேற்ற ரவிதாசன் கூட்டத்தார் இரகசிய வழியே நுழைந்திருக்கிறார்கள். பெரிய பழுவேட்டரையரும் மாறுவேடத்தில் வந்து சேர்ந்திருக்கிறார். விளக்கு அணைகிறது. மீண்டும் ஒளி வரும்போது இளவரசன் பிணமாகக் கிடக்கிறான்.

எத்தனை பேர் அந்த அறையில்! எத்தனை காரணங்கள்! ஆயினும் ஆசிரியர் நம்மை இருட்டிலேயே நிறுத்திவிடுகிறார். சடலத்தின் அருகே அகப்பட்டவன் வந்தியத்தேவன். ஆகவே பழி அவன்மீது விழுகிறது. அவனைக் காப்பாற்ற எண்ணி, தானே கொன்றதாகச் சொல்கிறாள் மணிமேகலை. தம் கையிலிருந்து பாய்ந்த கத்தியே இளவரசனைக் கொன்றது என்று பெரிய பழுவேட்டரையர் சபையில் ஒப்புக்கொண்டு உயிரை விடுகிறார். அந்த முதியவர் சொன்னது உண்மையா? குற்றமற்ற ஒருவனை விடுவிக்க அவரும் பழியை ஏற்றாரா? வாசகர்கள் இன்றுவரை ஒருமனப்படவில்லை.

ரவிதாசன் கூட்டத்தாரே கொன்றனர் என்பது ஒரு கட்சி. நந்தினியின் கையே கொன்றது என்பது மற்றொரு கட்சி. மனம் உடைந்த கரிகாலன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான் என்பது மூன்றாம் கட்சி. கத்தி எறிந்தவர் பழுவேட்டரையரே, ஆனால் குறி வேறு என்பது நான்காம் கட்சி. பிற்காலத்தில் வேறு எழுத்தாளர்கள் புனைந்த நாவல்களில் குந்தவையின்மீதுகூடக் குற்றம் சாட்டப்பட்டதுண்டு.

இஃதொன்றே புதிர் அன்று. நந்தினியின் தந்தை யார் என்பதும் அத்தகையதே. சுந்தர சோழரா, வீரபாண்டியனா? இரு பக்கமும் சாட்சியம் காட்டலாம். நாவல் முடிந்ததும் அவர்கள் என்ன ஆனார்கள், இவர்கள் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டார்கள். கல்கியும் முடிவுரை ஒன்று எழுதிச் சில ஐயங்களைத் தீர்த்து வைத்தார். மற்றவற்றைத் தீர்க்காமலே விட்டார்.

முடிச்சை அவிழ்க்கத் தெரியாததால் விட்டாரா? அப்படிச் சொல்ல இயலாது. 'பார்த்திபன் கனவி'ல் வரும் சிவனடியார் யார் என்பதைக் கதை முழுதும் மறைத்து வைத்து, நரசிம்ம பல்லவரே அவர் என்று கடைசியில் வெளிப்படுத்தியவர் அவர். முடிச்சுப் போடவும் அவிழ்க்கவும் கைதேர்ந்தவர் ஒரு முடிச்சை மட்டும் விட்டுவைத்தாரானால், அதற்குத் தக்க காரணம் இருக்க வேண்டும். அக்காரணம் ஒரு கோயிற் சுவரில் இருக்கிறது என்று நாங்கள் கருதுகிறோம்.

கல்வெட்டு சொல்வதும் சொல்லாததும்

நாவலின் முதற்காட்சியில் வந்தியத்தேவன் குதிரையேறி வீராணம் ஏரிக்கரையோரம் வருகிறான் அல்லவா? அந்த ஏரியின் அருகே காட்டுமன்னார்கோயில் இருக்கிறது. அங்கே உடையார்குடியில் அனந்தீசுவரர் ஆலயம். அதன் சுவரில் இராஜராஜ சோழனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. அரியணை ஏறிய 985-லிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய 987-ஆம் ஆண்டு. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய சகோதரர்களை அது குறிப்பிடுகிறது. அவர்களுடைய உடைமைகளோடு உற்றார் உறவினரின் உடைமைகளும் பறிமுதல் செய்யப்பட்டன. நாவலில் நாம் கண்டு நடுங்கிய ரவிதாசன் கற்பனைப் பெயர் அல்லன் என்பது இதனால் விளங்கும்.

ஆனால் கல்வெட்டு சொல்லாமல் விட்டவை பல. கொலை எங்கே நடந்தது? ஏன் நடந்தது? பின்னின்று தூண்டியவர் எவரேனும் உண்டா? கரிகாலன் இறந்தபின் அரியணையேறிய உத்தம சோழன் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஆண்டான். அந்நெடுங்காலத்தில் குற்றவாளிகளின் சொத்து பறிமுதலாகாமல், இராஜராஜன் வந்தபின் அது நிகழ்ந்தது ஏன்? வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் இதை எண்ணி உத்தம சோழன்மீது ஐயம் கொண்டார். தி. வை. சதாசிவப் பண்டாரத்தார் அக்கருத்தை மறுத்தார்.

மறுப்பவர்கள் பக்கமும் வலுவான செய்திகள் உண்டு. உத்தம சோழன் பட்டமேறும்படி இளவரசர் அருள்மொழி தாமே விட்டுக்கொடுத்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. உத்தம சோழனின் அன்னை செம்பியன் மாதேவியார் இராஜராஜன் ஆட்சியிலும் பெருமதிப்போடு வாழ்ந்து கோயில்களுக்குத் திருப்பணி செய்தார். உத்தம சோழனின் மைந்தர் கண்டராதித்தர் இராஜராஜனிடம் அதிகாரியாகப் பணியாற்றினார். தமையனைக் கொன்றவனின் குடும்பத்தை எவரேனும் இப்படிப் போற்றுவரா? இது வலிமையான கேள்வியே. எனினும் முடிந்த முடிபாகாது.

இங்கேதான் கல்கியின் பண்பு விளங்குகிறது. சில ஐயங்களுக்குக் கல்வெட்டே விடை தந்துவிடுகிறது. குந்தவைப் பிராட்டியார் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்பதைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளே சொல்கின்றன. ஆகவே அதை அவரும் தெளிவாகச் சொன்னார். சரித்திரம் வாய்திறவாத இடத்தில் ஒருவனைக் கொலையாளி என்று முடிவாகத் தீர்ப்பளிக்க அவர் விரும்பவில்லை. கதாசிரியருக்கு எதையும் சொல்லும் சுதந்திரம் உண்டு. ஆனால் உத்தம சோழனும் ரவிதாசனும் மண்ணில் நடமாடிய மனிதர்கள். அவர்களைப் பற்றிச் சொல்வதில் அவர் அளவறிந்து நின்றார்.

மேல்நாட்டில் ஒரு வழக்கு

இத்தகைய வழக்குகள் பிற நாடுகளிலும் உண்டு. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1870-இல் இறந்தபோது, 'எட்வின் ட்ரூட்' என்னும் இளைஞனைப் பற்றிய மர்ம நாவல் பாதியில் நின்றுபோயிற்று. பன்னிரண்டு பகுதிகளில் ஆறே வெளிவந்தன. ட்ரூட் கொல்லப்பட்டானா, கொன்றவர் யார் என்பதை டிக்கன்ஸ் தம்மோடு கொண்டுபோய்விட்டார். 1914-இல் இலண்டனில் டிக்கன்ஸ் அன்பர்கள் ஒன்றுகூடி, கதையில் வரும் ஜான் ஜாஸ்பர் என்பவன்மீது விளையாட்டாக ஒரு நீதிமன்ற விசாரணையே நடத்தினார்கள். நீதிபதியாக அமர்ந்தவர் ஜி. கே. செஸ்டர்டன், நடுவர் குழுவின் தலைவர் பெர்னார்டு ஷா. ஜாஸ்பர் குற்றவாளியே என்று நடுவர் கூறியதும், செஸ்டர்டன் தம்மைத் தவிர அங்கிருந்த அனைவருக்கும் நீதிமன்ற அவமதிப்புக்காக அபராதம் விதித்து அவையைக் கலைத்தாராம்!

டிக்கன்ஸின் புதிர் மரணத்தால் நேர்ந்தது. கல்கியின் புதிர் அவரே விரும்பி விட்டுச் சென்றது. இவ்வேறுபாட்டை நாம் மறக்கலாகாது.

இறுதி நாட்கள்

'பொன்னியின் செல்வன்' நிறைவுற்ற மே மாதத்துக்குப் பின் கல்கி ஏழு மாதங்கள்கூட வாழவில்லை. நோய் உடலை அரித்துக்கொண்டிருந்தபோதும் எழுதுவதை நிறுத்தவில்லை. 'அமரதாரா' என்ற புதிய நாவலைத் தொடங்கினார். அது முடியுமுன்பே, 1954 டிசம்பர் 5-ஆம் நாள், தமது ஐம்பத்தைந்தாம் வயதில் சென்னையில் காலமானார். வழக்கை முடித்துவைக்கக் கூடிய ஒரே சாட்சி அன்றோடு மறைந்தார்.

'அமரதாரா' என்ன ஆயிற்று? அவருடைய மகள் ஆனந்தி, தந்தை விட்டுச் சென்ற குறிப்புகளைத் துணையாகக் கொண்டு அந்நாவலை நிறைவு செய்தார். தந்தையின் பேனாவை மகள் எடுத்த அச்செயலை நம் பள்ளி மாணவியர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

நூற்றாண்டு விழாக் காலமான 1999-இல் கல்கியின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியது. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதிக் கதையைத் தொடர்ந்தார். பாலகுமாரன் 'உடையார்' என்ற பெருநாவலில் இராஜராஜன் காலத்தை மீண்டும் படைத்தார். இயக்குநர் மணிரத்னத்தின் திரைப்படம் 2022, 2023-ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வந்து, கடம்பூர் இரவை நாவலினின்றும் வேறு விதமாகக் காட்டியது. வழக்குக்கு அதனால் மேலும் ஒரு கட்சி சேர்ந்தது.

எங்கள் விடுதியில் நடந்தது

இனி நாங்கள் சொல்ல வேண்டியது ஒன்று உள்ளது. சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது; எனினும் சொல்லாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது.

கரிகாலன் இறந்துபட்ட அத்தியாயத்தை வாசித்த மறுநாள் எங்கள் ஐந்தாம் பாகம் காணாமற்போயிற்று. பதினொருவரும் தவித்துப்போனோம். யார் எடுத்திருப்பார்கள்? எங்கள் குழுவில் அவ்வாண்டு புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவி இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். அதிகாலையில் எழுந்து வராந்தா விளக்கடியில் அந்தப் புத்தகத்தை அவள் புரட்டிக்கொண்டிருந்ததை ஒருத்தி பார்த்திருந்தாள். அது போதாதா? முடிவைத் தான் மட்டும் முதலில் அறிய எண்ணி ஒளித்துவிட்டாள் என்று தீர்மானித்தோம். அவள் மௌனத்தையே குற்றத்துக்குச் சாட்சியாக்கினோம். எங்களில் ஒருத்தி அவள் பெட்டியைத் திறந்தும் பார்த்தாள். அங்கே புத்தகம் இல்லை. இல்லாததும் அவளுடைய சாமர்த்தியத்துக்குச் சான்று ஆயிற்று! ஒன்பது நாட்கள் உணவுக் கூடத்தில் அவள் பக்கத்தில் எவரும் உட்காரவில்லை.

பத்தாம் நாள் மழை விட்டது. பஸ் வந்தது. நூலகப் பொறுப்பிலுள்ள அருட்சகோதரி ஒரு மூட்டைப் புத்தகங்களோடு இறங்கினார். முதுகு கிழிந்த நூல்களைப் பைண்டு செய்ய ஒட்டன்சத்திரத்துக்குக் கொடுத்தனுப்பியிருந்தாராம். மூட்டையில் மேலாக இருந்தது 'தியாக சிகரம்'.

எங்களில் ஒருத்தியாவது அவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே உண்மை தெரிந்திருக்கும். எவரும் கேட்கவில்லை. உறுதியாகத் தெரிந்த விஷயத்தைக் கேட்பானேன் என்று இருந்துவிட்டோம். சடலத்தின் பக்கத்தில் நின்ற ஒரே காரணத்தால் வந்தியத்தேவன்மீது பழி சுமத்தியவர்களைக் கண்டு, முந்தின நாள் இரவுதான் நாங்கள் அனைவரும் கொதித்திருந்தோம்!

அன்று மாலை அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் அழவில்லை, எங்களைக் கடிந்துகொள்ளவும் இல்லை. மீதிக் கதையை அவளே வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். நிறுத்தி நிறுத்தி, தெளிவாக வாசித்தாள். மணிமேகலையின் முடிவு வரும் கடைசி அத்தியாயத்தில் மட்டும் அவள் குரல் தழுதழுத்தது. வாசித்து முடித்ததும், கரிகாலனைக் கொன்றவர் யார் என்று அவள் கருத்தையும் கேட்டோம். தான் அந்த அறையில் இருக்கவில்லையே, எப்படிச் சொல்வது என்று மட்டும் கேட்டுவிட்டு விளக்கைச் சரிசெய்யப் போனாள்.

அதன்பின் எங்கள் விவாதத்துக்கு நாங்களே சில விதிகள் வகுத்துக்கொண்டோம். எவர்மீது குற்றம் சாட்டினாலும் நூலில் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். எதிராக உள்ள ஆதாரத்தையும் அவளே எடுத்துச் சொல்ல வேண்டும். ஒருவர் பேசாமலிருப்பதைச் சாட்சியாகக் கொள்ளக் கூடாது. நாவலின் பாத்திரங்கள் நம் ஊகத்தால் துன்புறுவதில்லை. அடுத்த கட்டிலில் உறங்கும் தோழி துன்புறுவாள். உடையார்குடிக் கல்வெட்டில் உடைமை இழந்த உறவினர்களை நினைக்கும்போதெல்லாம், அவர்களுள் ஒன்றும் அறியாதவர் எத்தனை பேரோ என்று இப்போது எங்களுக்குத் தோன்றுகிறது.

புத்தமங்கலத்தில் பிறந்து, பள்ளியைத் துறந்து, மும்முறை சிறை கண்டு, கடைசி மூச்சுவரை எழுதிய அந்தப் பெருமகனார் தம் கதையில் ஒரு கதவைத் திறந்தே வைத்தார். தீர்ப்புச் சொல்லும் ஆசையை அடக்குவது எத்தனை கடினம் என்பதை அத்திறந்த கதவின் முன் நின்று நாங்கள் கற்றுக்கொண்டோம்.

ஐந்து பாகங்களும் இப்போது நம் நூலகத்தில் மூன்றாம் அலமாரியில் இருக்கின்றன. ஐந்தாம் பாகத்துக்குப் புதிய பச்சை அட்டை. வரும் ஐப்பசியில் எங்களோடு வாசிக்க விரும்பும் தங்கையர் இப்போதே பெயர் கொடுக்கலாம். பெற்றோரும் விடுமுறையில் பிள்ளைகளிடம் தங்கள் கட்சி எதுவென்று சொல்லி அனுப்பலாம். ஆதாரத்தையும் சேர்த்து அனுப்புமாறு வேண்டுகிறோம்.